யுனிவர்சல் ரிமோட் சொன்ன பேச்சு கேட்கவில்லையா? அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிக்கும் வழி

டிவிக்கு ஒன்று, செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று, சவுண்ட்பாருக்கு ஒன்று, ஏசிக்கு ஒன்று என்று வீட்டில் ரிமோட்கள் சேர்ந்துகொண்டே போகின்றன. இதில் அதிகம் அல்லாடுவது வீட்டுப் பெரியவர்கள்தான். டிவியை யாரோ ஏவி-க்கு மாற்றி வைத்திருப்பார்கள். எந்த ரிமோட்டில் எதை அழுத்தினால் படம் திரும்பி வரும் என்று தெரியாமல், பேரப்பிள்ளைகள் பள்ளி விட்டு வரும்வரை நீலத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் கையில் ஒரே ஒரு ரிமோட்டை, எல்லா பட்டனும் ஒழுங்காக வேலை செய்கிற மாதிரி, கொடுத்துவிட்டால் அது பெரிய உதவி. அப்படிப் பல கருவிகளை ஒன்றே இயக்குவதுதான் யுனிவர்சல் ரிமோட்; எந்தக் கருவியை இயக்கவேண்டுமோ அதற்கான கோட் எண்ணை அதில் போடவேண்டும். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பெரும்பாலும் நடப்பது என்ன? ரிமோட்டோடு வந்த கோட் தாளைப் பிரித்து, கம்பெனி பெயருக்கு நேரே இருக்கும் எண்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார்கள். எதுவும் எடுக்காவிட்டால் ‘டூப்ளிகேட் ரிமோட்’ என்று தூக்கி எறிந்துவிடுவார்கள். ஆனால் ரிமோட் எந்த விதத்தில் கேட்காமல் போகிறது என்று கொஞ்சம் கவனித்தாலே, கோளாறு எந்த இடத்தில் என்பது தெரிந்துவிடும். பவர் மட்டும் வேலை செய்வது ஒரு நோய், கிட்டே போனால் மட்டும் வேலை செய்வது வேறு நோய். இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது.

முதலில் கொஞ்சம் அடிப்படை

ரிமோட்டின் முனையில் இருக்கும் எல்இடி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை விடுகிறது. பெரும்பாலும் 940 நானோமீட்டர் அலைநீளம். அந்த ஒளி நிலையாக எரிவதில்லை. நொடிக்கு 38,000 தடவை போலத் துடிக்கிறது. இந்தத் துடிப்புக்குக் கேரியர் என்று பெயர். அறையில் வெயில், பல்பு என்று எத்தனையோ அகச்சிவப்பு இருந்தாலும் டிவி தனக்கு வந்த சிக்னலைப் பிரித்தெடுப்பது இந்தத் துடிப்பை வைத்துத்தான். எல்லா கம்பெனிக்கும் ஒரே கேரியர் இல்லை. பரவலாக இருக்கும் என்இசி முறைக்கு 38 கிலோஹெர்ட்ஸ், பிலிப்ஸ் கொண்டுவந்த ஆர்சி-5 முறைக்கு 36, சோனிக்கு 40.

இந்தத் துடிப்பை விட்டு விட்டு அனுப்புவதில்தான் செய்தி இருக்கிறது. என்இசி முறையில் முதலில் 9 மில்லிவினாடி ஒளி, பிறகு 4.5 மில்லிவினாடி இடைவெளி. அப்புறம் 32 பிட், அதாவது 0 அல்லது 1 என்ற 32 இலக்கங்கள். ஒவ்வொரு பிட்டும் 0.56 மில்லிவினாடி ஒளியோடு தொடங்கும். அதன்பின் வரும் இடைவெளி அதே அளவில் குட்டையாக இருந்தால் 0, 1.69 மில்லிவினாடிக்கு நீண்டால் 1. இந்த 32-இல் முதல் 8 பிட் யாருக்குச் சொல்கிறோம் என்ற முகவரி. அடுத்த 8, அதே முகவரியை 0-க்கு 1, 1-க்கு 0 என்று மாற்றிப்போட்டது. மூன்றாவது 8 என்ன செய்யவேண்டும் என்ற கட்டளை. கடைசி 8 அந்தக் கட்டளையை மாற்றிப்போட்டது. இரண்டும் பொருந்தாவிட்டால் டிவி அந்தச் சிக்னலையே ஒதுக்கிவிடும்.

ஆக, ஒளி, கேரியர், முகவரி, கட்டளை, பட்டனைப் பிடித்திருந்தால் அதைத் திரும்பச் சொல்லும் விதம். கீழே வரும் அறிகுறிகளில் பெரும்பாலானவை இந்த ஐந்தில் ஏதோ ஒன்றில் போய் முடியும்.

எதை அழுத்தினாலும் எதுவும் நடக்கவில்லை

கோட் பட்டியலைத் தொடவே வேண்டாம். முதலில் ஒளி வருகிறதா என்று பாருங்கள். போனின் முன்கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையை அதற்கு நேரே பிடித்து ஒரு பட்டனை அழுத்துங்கள். திரையில் ஊதா கலந்த வெள்ளைப் புள்ளி மினுக்கினால் ஒளி வருகிறது. பின்கேமராக்கள் பலவற்றில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி இருப்பதால் அதில் தெரியாமல் போகலாம். நன்றாக வேலை செய்யும் வேறொரு ரிமோட்டை முதலில் காட்டி, உங்கள் கேமராவுக்கு இது தெரிகிறதா என்று உறுதி செய்துகொண்டு சோதியுங்கள்.

புள்ளி தெரியவில்லை என்றால் பேட்டரி, பேட்டரி தொடும் ஸ்பிரிங்கில் பச்சைக் களிம்பு, அல்லது கீழே விழுந்து எல்இடியின் கால் விட்டுப்போனது. ஸ்பிரிங்கை நன்றாகச் சுரண்டி, புது பேட்டரி போட்டுப் பாருங்கள். ரீசார்ஜ் பேட்டரி போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: சாதாரண பேட்டரி 1.5 வோல்ட், ரீசார்ஜ் பேட்டரி 1.2. இரண்டு சேர்ந்தால் 3-க்குப் பதில் 2.4 வோல்ட்தான். சில ரிமோட்களுக்கு இது போதும். சிலவற்றில் பட்டன் விளக்கு எரியும், ஆனால் சிக்னல் எட்டாது.

புள்ளி தெரிகிறது, ஆனாலும் அசைவில்லை என்றால், மேலே உள்ள டிவி, எஸ்டிபி (செட்டாப் பாக்ஸ்), ஆக்ஸ் (மற்ற கருவிகள்) பட்டன்களில் எதில் ரிமோட் நிற்கிறது என்று பாருங்கள். டிவிக்குக் கோட் போட்டுவிட்டு எஸ்டிபி நிலையில் வைத்து வால்யூமை அழுத்திக்கொண்டிருப்பது நிறைய வீடுகளில் நடக்கிறது.

போனில் ‘யுனிவர்சல் ரிமோட்’ ஆப் இறக்கியவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. போனில் அகச்சிவப்பு எல்இடி இருந்தால்தான் அது ரிமோட் ஆகும். ஷாவ்மி, ரெட்மி போன்கள் பலவற்றில் மேல் விளிம்பில் சின்னக் கறுப்புப் புள்ளியாக அது இருக்கும். அது இல்லாத போனில் எந்த ஆப்பைப் போட்டாலும் வைஃபையில் இணைந்த ஸ்மார்ட் டிவியை மட்டும்தான் இயக்கமுடியும்; சாதாரண டிவியையும் ஏசியையும் அசைக்காது.

ஒளி வருகிறது, ஆனால் எந்தக் கோட்டும் எடுக்கவில்லை

இங்கே கேட்கவேண்டிய முதல் கேள்வி: அந்தக் கருவி அகச்சிவப்பைக் கேட்கிற கருவிதானா? அமேசான் ஃபயர் டிவி ஸ்டிக்கின் ரிமோட் ஸ்டிக்கோடு பேசுவது புளூடூத்தில். டிவியின் பவருக்கும் வால்யூமுக்கும் மட்டும்தான் அது அகச்சிவப்பை அனுப்பும். ஆகவே அந்த ஸ்டிக்குக்கு அகச்சிவப்பு கோட் தேடுவது வீண் வேலை. வாய்ஸ் பட்டன் உள்ள செட்டாப் பாக்ஸ் ரிமோட்களிலும் பாதி பட்டன் புளூடூத், பாதி அகச்சிவப்பு என்று கலந்து இருப்பதுண்டு. கண்டுபிடிக்க எளிய வழி: ஒரிஜினல் ரிமோட்டின் முனையைக் கையால் இறுக மூடிக்கொண்டு, அல்லது அடுத்த அறையிலிருந்து அழுத்திப் பாருங்கள். அப்போதும் வேலை செய்தால் அது புளூடூத். முன்கேமரா சோதனையை ஒவ்வொரு பட்டனுக்கும் செய்தால் எந்தப் பட்டன் எந்த வழியில் போகிறது என்பதும் தெரிந்துவிடும்.

இரண்டாவது கேள்வி நம் ஊருக்கு ரொம்பவும் பொருந்தும்: டிவி எப்போதாவது பழுது பார்க்கப்பட்டதா? எல்சிடி, எல்இடி டிவிகளில் போர்டு போய்விட்டால் கம்பெனி போர்டுக்குப் பதில் வி56, வி59 மாதிரி யுனிவர்சல் போர்டு போட்டுக்கொடுப்பது மெக்கானிக்குகளின் வழக்கம். சென்னை ரிச்சி தெருவில் இந்தப் போர்டுகள் அதற்கான ரிமோட்டோடும் சென்சாரோடும் சேர்ந்தே கிடைக்கும். அந்தப் போர்டு ஏறிய நாளிலிருந்து டிவியின் முகப்பில் இருக்கும் கம்பெனி பெயருக்கும் கோட்டுக்கும் சம்பந்தம் இல்லை. முகவரியும் கட்டளையும் போர்டைச் சேர்ந்தவை. சாம்சங் என்று எழுதியிருக்கும் டிவிக்கு சாம்சங் கோட் அத்தனையும் போட்டும் எடுக்காமல் போவது இதனால்தான். மெக்கானிக் கொடுத்த ரிமோட்டை வைத்து, லேர்னிங் வசதி உள்ள, அதாவது வேறு ரிமோட்டின் சிக்னலைப் பதிந்துகொள்ளும், யுனிவர்சல் ரிமோட்டுக்குக் கற்றுக்கொடுப்பதே இங்கே நேர்வழி.

இதே காரணத்தால், விலை குறைந்த பல டிவிகளுக்கும் பெயரைப் பார்த்துக் கோட் தேடுவது பலன் தராது. வெளியே பெயர் வேறு, உள்ளே போர்டு ஒன்றேதான். பட்டியலில் உங்கள் கம்பெனி இல்லாவிட்டால், ரிமோட்டே கோட்களை ஒவ்வொன்றாக அனுப்பிப் பார்க்கும் ஆட்டோ சர்ச்சுக்குப் போங்கள்.

பவர் மட்டும் வேலை செய்கிறது, மற்றது எதுவும் இல்லை

யுனிவர்சல் ரிமோட் விஷயத்தில் நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வது இது ஒன்றைத்தான்: பவர் பட்டனை வைத்துக் கோட் சரியா என்று முடிவு செய்யாதீர்கள்.

ஒரே கம்பெனிக்குப் பட்டியலில் பத்து, பதினைந்து கோட் எண்கள் இருப்பது சும்மா இல்லை. வெவ்வேறு வருடங்களில் வந்த மாடல்களுக்கு வெவ்வேறு கட்டளைத் தொகுப்பு. அவற்றில் பலவற்றுக்கு முகவரி ஒன்றே, பவருக்கான கட்டளையும் ஒன்றே. மெனு, சோர்ஸ், ஸ்மார்ட் வசதிகளுக்கான கட்டளைகள்தான் மாறும். ஆகவே 2008-இல் வந்த டிவிக்கான கோட்டைப் போட்டாலும் இன்றைய டிவி அணையும், எரியும். ‘ஆகா, கிடைத்துவிட்டது’ என்று நிறுத்திவிடுவோம். மறுநாள் பாட்டி சோர்ஸ் பட்டனை அழுத்தும்போதுதான் அது வேலை செய்யவில்லை என்று தெரியவரும்.

ஆட்டோ சர்ச்சிலும் இதே சிக்கல். ரிமோட் ஒவ்வொரு கோட்டிலும் பவர் சிக்னலை அனுப்பிக்கொண்டே போகும். டிவி அணைந்ததும் நாம் கையை எடுப்போம். அதற்குள் ரிமோட் ஒன்றிரண்டு கோட் தாண்டிப் போயிருக்கும். சில சமயம் அடுத்த கோட்டிலும் அதே பவர் கட்டளை இருந்து, அணைந்த டிவி மறுபடி எரியும். எது சரியான கோட் என்றே குழம்பிப்போகும்.

செய்யவேண்டியது இப்படி. டிவியை எரியவிட்டு, உங்கள் ரிமோட் அனுமதித்தால் பவருக்குப் பதில் வால்யூம் அல்லது மியூட்டை வைத்துத் தேடுங்கள். ஒன் ஃபார் ஆல் வகை ரிமோட்கள் பலவற்றில் செட்டப் பட்டனை அழுத்திப் பிடித்து 9-9-1 அடித்தால் தேடல் ஆரம்பிக்கும். ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு கோட் நகரும். அவசரப்படாமல் ஒரு தட்டலுக்கும் அடுத்ததற்கும் இடையே டிவியைப் பாருங்கள். பிடிபட்டதும் வால்யூம், மியூட், மெனு, நான்கு அம்புக்குறிகள், ஓகே, பேக், சோர்ஸ், 1-இலிருந்து 0 வரை எண்கள் என்று வரிசையாகச் சோதியுங்கள். நான்கில் மூன்று வேலை செய்தால் நிறுத்திவிடாதீர்கள். அதே கம்பெனியின் அடுத்த கோட்டையும் பாருங்கள். பொருத்தமான கோட் பெரும்பாலும் அதே வரிசையில்தான் இருக்கும். எந்தக் கோட்டிலும் ஒன்றிரண்டு பட்டன் மட்டும் அடம்பிடித்தால், சிறந்த கோட்டை வைத்துக்கொண்டு விட்டுப்போன பட்டன்களை மட்டும் ஒரிஜினல் ரிமோட்டிலிருந்து கற்றுக்கொடுங்கள். முழு ரிமோட்டையும் ஒவ்வொரு பட்டனாகக் கற்றுக்கொடுப்பதைவிட இந்தக் கலப்பு முறை எவ்வளவோ மேல். காரணம் கீழே வருகிறது.

கற்றுக்கொடுத்த பட்டன் வேலை செய்யவில்லை, அல்லது கிறுக்குத்தனமாக வேலை செய்கிறது

நம் டிடிஎச் ரிமோட்கள் பலவற்றில் டிவி பவர், வால்யூம், ஏவி என்று சில பட்டன்கள் கற்றுக்கொள்ளும் வசதியோடு வருகின்றன. இரண்டு ரிமோட்டையும் மேசையில் முனையோடு முனையாக வைத்து, செட் பட்டனைப் பிடித்து, டிவி ரிமோட்டின் பட்டனை அழுத்தினால் சிக்னலைப் பதிந்துகொள்ளும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ரிமோட் பதிவது கட்டளையின் பொருளை அல்ல, ஒளி எரிந்து அணைந்த நேரங்களை மட்டும். அதனால் பதியும்போது என்ன நடந்ததோ அதைத்தான் திரும்ப ஒப்பிக்கும்.

பதிந்தும் டிவி துளியும் அசையவில்லை என்றால்: பட்டனை அழுத்திய நேரம் தவறியிருக்கலாம். என்இசி முறையில் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் முழுச் செய்தி முதல் தடவை மட்டுமே போகும். அதன்பின் சுமார் 110 மில்லிவினாடிக்கு ஒரு முறை ‘அதேதான்’ என்று சொல்லும் குட்டிச் சிக்னல் போகும்: 9 மில்லிவினாடி ஒளி, 2.25 மில்லிவினாடி இடைவெளி, ஒரு சின்னத் துடிப்பு. அதில் முகவரியும் இல்லை, கட்டளையும் இல்லை. டிவி ரிமோட்டை முதலில் அழுத்திவிட்டு, பிறகு லேர்னிங்கைத் தொடங்கினால் இந்தக் குட்டிச் சிக்னல் மட்டும் பதியும். அது தனியாகப் போனால் எந்த டிவிக்கும் எதுவும் புரியாது. லேர்னிங் விளக்கு தயார் என்று காட்டியபின் அழுத்துங்கள்.

ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை நடக்கிறது, மியூட் ஆகி உடனே மியூட் விலகுகிறது என்றால்: நீண்ட நேரம் அழுத்தியதால் செய்தி இரண்டு தடவை பதிந்திருக்கிறது. அந்தப் பட்டனை அழித்து, இந்தத் தடவை லேசாக ஒரு தட்டு மட்டும் தட்டுங்கள். சோனியில் இதற்கு நேர்மாறு. சோனி கருவிகள் ஒரே செய்தி தொடர்ந்து மூன்று தடவையாவது வருவதை எதிர்பார்க்கும். சோனி ரிமோட் தானாகவே அப்படித்தான் அனுப்புகிறது. மிகச் சுருக்கமாகப் பதியும் ரிமோட், ஒரே ஒரு செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு திருப்பி அனுப்பினால் சோனி டிவி சட்டை செய்யாது. அங்கே பட்டனை விளக்கு மாறும்வரை பிடித்திருங்கள்.

வால்யூமைப் பிடித்தால் ஏறிக்கொண்டே போகாமல் ஒரு படி ஏறி நின்றுவிடுகிறது என்றால், திரும்பச் சொல்லும் பகுதி பதியவில்லை என்று அர்த்தம். அதே பட்டனை இன்னும் கொஞ்சம் நீட்டி அழுத்திப் பதியுங்கள்.

இன்னொரு விசித்திரமான அறிகுறி: 1 அடித்தால் 1 வருகிறது, 11 அடித்தால் இரண்டாவது 1 வருவதில்லை, நடுவில் வேறு பட்டன் அழுத்தினால் வருகிறது. இது ஆர்சி-5, ஆர்சி-6 முறைகளுக்கே உரிய கோளாறு. இந்த முறைகளில் டாகிள் பிட் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு புது அழுத்தலுக்கும் அது 0, 1, 0, 1 என்று மாறும். பட்டனை விட்டு மறுபடி அழுத்தினீர்களா, அழுத்தியபடியே இருக்கிறீர்களா என்று டிவிக்குச் சொல்ல வந்த ஏற்பாடு அது. கற்றுக்கொண்ட ரிமோட்டில் அந்த பிட் உறைந்துபோயிருக்கும், எத்தனை தடவை அழுத்தினாலும் அதே மதிப்புதான் போகும். டிவி அதைப் பழைய அழுத்தலின் தொடர்ச்சி என்று எடுத்துக்கொள்ளும். எத்தனை தடவை திரும்பக் கற்றுக்கொடுத்தாலும் இது தீராது. உள்ளமைந்த கோட்டைப் போட்டால்தான் ரிமோட் டாகிள் பிட்டைத் தானே மாற்றி அனுப்பும். மேலே கலப்பு முறை மேல் என்று சொன்னது இதனால்தான்: எண் பட்டன்களைக் கோட்டிலிருந்து எடுங்கள், மியூட், சோர்ஸ் போன்றவற்றை வேண்டுமானால் கற்றுக்கொடுங்கள்.

பதியும்போது கவனிக்கவேண்டியவை: ஒரிஜினல் ரிமோட்டில் புது பேட்டரி. முனைகளுக்கு இடையே இரண்டிலிருந்து ஐந்து சென்டிமீட்டர். வெயில் விழும் ஜன்னலோரம் வேண்டாம். சிஎஃப்எல் பல்பும் எலக்ட்ரானிக் சோக் போட்ட டியூப் லைட்டும் தாமே அகச்சிவப்பில் துடிப்பவை, அவற்றை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு பட்டன் பதிந்ததும் அப்போதே டிவியில் சோதித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

கிட்டே போனால் மட்டும் வேலை செய்கிறது

பேட்டரியைத்தான் எல்லோரும் சந்தேகிப்பார்கள், பாதி நேரம் அது சரிதான். பேட்டரி புதிது, ஒரிஜினல் ரிமோட் அதே இடத்திலிருந்து ஜோராக வேலை செய்கிறது என்றால் கேரியரைச் சந்தேகியுங்கள். மலிவான லேர்னிங் ரிமோட்களில் சிக்னலை வாங்கும் உறுப்பு 38 கிலோஹெர்ட்ஸுக்கு வடிகட்டிய ஒன்றாக இருக்கும். அது துடிப்பை உரித்துப்போட்டு நேரங்களை மட்டும் கொடுக்கும். வந்த சிக்னலின் கேரியர் 36-ஆ 40-ஆ என்று அதற்குத் தெரியாது. எல்லாவற்றையும் 38-இல் திருப்பி அனுப்பும். 40-ஐ எதிர்பார்க்கும் சோனி டிவிக்கு அது மங்கலாகக் கேட்கும். அதாவது, ஒரு மீட்டரில் எடுக்கும், சோபாவிலிருந்து எடுக்காது. உள்ளமைந்த சோனி கோட்டுக்கு மாறினால் தூரம் திரும்ப வந்துவிடும்.

ஒரிஜினலும் யுனிவர்சலும் இரண்டுமே தூரத்தில் எடுக்கவில்லை என்றால் கோளாறு டிவிப் பக்கம். சென்சாருக்கு முன்னால் சவுண்ட்பார் நிற்கிறதா, அதன்மேல் தூசி படிந்திருக்கிறதா, சாயங்கால வெயில் அதில் நேராக விழுகிறதா என்று பாருங்கள். டிவிக்குப் பின்னால் செட்டாப் பாக்ஸை மறைத்து வைத்திருந்தால், சென்சாரை வெளியே நீட்டும் ஐஆர் (அகச்சிவப்பு) எக்ஸ்டெண்டர் வயர் ஒன்று வாங்கிச் சொருகுவதே நிரந்தரத் தீர்வு.

ஒன்றை அழுத்தினால் இரண்டு கருவி கேட்கிறது

ஒரே கம்பெனியின் இரண்டு செட்டாப் பாக்ஸ் ஒரே அறையில் இருந்தால் முகவரி ஒன்றாகவே இருக்கும். சில கருவிகளில் மெனுவில் ரிமோட் ஐடியை மாற்ற வசதி உண்டு. இல்லாவிட்டால் ஒன்றின் சென்சாரைக் கறுப்பு டேப்பால் மறைத்து, அதற்குத் தனி எக்ஸ்டெண்டர் வைப்பதுதான் வழி.

‘ஆல் ஆன்’ பட்டன் டிவியை எரித்து, ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த பாக்ஸை அணைத்துவிடுவது இதன் தம்பி. சாதாரண பவர் கட்டளை ‘இருக்கும் நிலையை மாற்று’ என்றுதான் சொல்லும். எரியவைக்க ஒன்று, அணைக்க ஒன்று என்று தனித்தனிக் கட்டளைகளும் பல டிவிகளுக்குள் உண்டு. ரிமோட்டில் மட்டும் பட்டன் இருக்காது. சாம்சங் டிவிகள் பலவற்றில் மாற்றும் கட்டளை பதினாறடிமான எண்ணில் 02. எரிய மட்டும் 99, அணைய மட்டும் 98. எண்களை நேரடியாக எழுதும் வசதி உள்ள ரிமோட்டோ, அகச்சிவப்புச் சிக்னலை அனுப்பும் ஐஆர் பிளாஸ்டர் கருவியோ வைத்திருப்பவர்கள் இவற்றைப் போட்டுக்கொண்டால் இந்தக் குழப்பமே வராது.

ஏசி மட்டும் வழிக்கு வரவில்லை

ஏசி ரிமோட்டை டிவி ரிமோட் மாதிரி நினைத்தால் வேலை ஆகாது. டிவி ரிமோட்டில் வால்யூம் கூட்டு என்ற கட்டளை மட்டும் போகும். ஏசி ரிமோட்டில் டிகிரியைக் கூட்டும் பட்டனை அழுத்தினால், ‘ஆன், கூல், 25 டிகிரி, ஃபேன் நடுத்தரம், ஸ்விங் ஆஃப்’ என்று மொத்த நிலையும் ஒவ்வொரு தடவையும் போகும். 24-இல் இருந்தோம், 25 ஆகிறது என்ற கணக்கை ரிமோட்தான் வைத்திருக்கிறது. அதனால்தான் அதற்குத் திரை. செய்தியின் நீளமும் அதிகம். டிவிக்கு 4 பைட் (ஒரு பைட் என்பது 8 பிட்) போதும்; மிட்சுபிஷி எலக்ட்ரிக் ஏசிகளில் 18 பைட், டைகின் ஏசிகளின் ஒரு பரவலான வகையில் 35 பைட். அதற்குள்ளேயே எல்லாவற்றையும் கூட்டிச் சரிபார்க்கும் எண்ணும் இருக்கும்.

இதனால் வரும் அறிகுறிகள் இரண்டு. சாதாரண லேர்னிங் ரிமோட்டில் ஏசி பட்டனைப் பதிந்தால், ஒன்று நினைவகம் போதாமல் பதிவே தோற்றுப்போகும், அல்லது பதிந்த நிலை மட்டும் திரும்பத் திரும்பப் போகும். டிகிரி கூட்டும் பட்டனை எத்தனை தடவை அழுத்தினாலும் 25-இலேயே நிற்கும். அதை ஏற்றுக்கொண்டு பயன்படுத்தினால் நல்ல உபயோகம் உண்டு: ஒரிஜினலில் ‘கூல், 26, ஃபேன் ஆட்டோ’ என்று வைத்து ஒரு பட்டனில் பதியுங்கள், ஆஃப் ஆகும் சிக்னலை இன்னொன்றில் பதியுங்கள். பெரியவர்களுக்கு இந்த இரண்டு பட்டன் போதும்.

கடைகளில் கிடைக்கும் திரை வைத்த யுனிவர்சல் ஏசி ரிமோட் இதைவிட மேல். அதில் 000-இலிருந்து 999 வரை கோட் இருக்கும். தேடலில் விட்டால் ஒவ்வொன்றாக அனுப்பும், ஏசி ‘பீப்’ என்றதும் நிறுத்தவேண்டும். பீப் வந்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். ஆன் ஆவதில் ஒத்துப்போய் மற்றதில் பிசகும் கோட்கள் இங்கும் உண்டு. ரிமோட்டில் 20 வைத்து ஏசியின் முகப்பில் 20 காட்டுகிறதா, 28 வைத்தால் 28 வருகிறதா என்று பாருங்கள். கூலிலிருந்து ஃபேனுக்கு மாற்றுங்கள், ஸ்விங்கை நிறுத்துங்கள், கடைசியாக அணைத்துப் பாருங்கள். ஆன் ஆகி, ஆஃப் ஆகாத கோட்டும் இருக்கிறது. அதை ராத்திரி பதினோரு மணிக்குக் கண்டுபிடிப்பதைவிட இப்போதே கண்டுபிடிப்பது நல்லது.

நெட்டில் எடுத்த கோட் வேலை செய்யவில்லை

ஆர்டுயினோ, இஎஸ்பி போன்ற புரோகிராம் எழுதக்கூடிய சின்ன எலக்ட்ரானிக் போர்டு வைத்துத் தாங்களே ரிமோட் செய்பவர்களுக்கு இது. எல்ஜி டிவியின் பவருக்கு ஓரிடத்தில் ‘20 டிஎஃப் 10 இஎஃப்’ என்று போட்டிருக்கும். இன்னோரிடத்தில் ‘முகவரி 04, கட்டளை 08’ என்று இருக்கும். இரண்டும் ஒன்றேதான். என்இசி முறையில் ஒவ்வொரு பைட்டின் கடைசி பிட் முதலில் கிளம்பும். வந்த வரிசையிலேயே எழுதினால் 0010 0000, அதாவது 20. ஒழுங்காகத் திருப்பி எழுதினால் 0000 0100, அதாவது 04. அதேபோல 10-ஐத் திருப்பினால் 08. டிஎஃப் என்பது 20-ஐ மாற்றிப்போட்டது, இஎஃப் என்பது 10-ஐ மாற்றிப்போட்டது. ஒரு வடிவத்தில் இருப்பதை இன்னொரு வடிவத்தைக் கேட்கும் இடத்தில் போட்டால் எல்இடி மினுக்கும், டிவி அசையாது. கோட்டின் இரண்டாவது பைட் முதலாவதற்கு நேர்மாறாக இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை. சாம்சங் இதில் விதிவிலக்கு: முகவரியை மாற்றிப்போடாமல் அப்படியே இரண்டு தடவை அனுப்பும், தொடக்கமும் 9 அல்ல, 4.5 மில்லிவினாடி. சாம்சங் கோட்டை என்இசி என்று அனுப்பினால் எடுக்காது.

பிராண்டோ வடிவில், அதாவது 0000 006டி 0022 0002 என்று தொடங்கும் நீண்ட வரிசையாகக் கோட் கிடைத்தால், இரண்டாவது எண்ணைப் பாருங்கள். 006டி என்றால் கேரியர் 38 கிலோஹெர்ட்ஸ், 0067 என்றால் 40, 0073 என்றால் 36. அடுத்த 0022 என்பது 34 ஜோடித் துடிப்புகள்: தொடக்கம் ஒன்று, பிட் 32, முடிவு ஒன்று. காப்பி எடுக்கும்போது நடுவில் நான்கு எண் விட்டுப்போனாலும் இந்தக் கணக்கு இடிக்கும். மொத்த வரிசையும் பயனற்றுப்போகும்.

ஒரிஜினல் ரிமோட்டைப் படிக்கும்போது எல்லாம் ‘எஃப்’ ஆக வந்தால், அது பழைய புரோகிராம் லைப்ரரிகளில் மேலே சொன்ன ‘அதேதான்’ சிக்னலின் அடையாளம், கோட் அல்ல. சென்சார் சூடாகிறது என்றால் உடனே கழற்றுங்கள். டிஎஸ்ஓபி 1738 என்ற சென்சாரில் கால்களின் வரிசை கிரவுண்ட், சப்ளை, அவுட்புட். டிஎஸ்ஓபி 4838-இல் அவுட்புட், கிரவுண்ட், சப்ளை. ஒன்றின் படத்தைப் பார்த்து மற்றதை இணைத்திருப்பீர்கள். அனுப்பும் எல்இடியைப் போர்டின் அவுட்புட் காலிலேயே நேராக மாட்டினால் ஒரு முழம்தான் எட்டும். நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் போட்டால் அறை முழுக்க எட்டும்.

பேட்டரி மாற்றினால் கோட் மறந்துபோகிறது

விலை குறைந்த ரிமோட்கள் பலவற்றில் கோட்டைச் சேமிக்க நிரந்தர நினைவகம் கிடையாது. மாற்றவேண்டிய பேட்டரியை முன்பே கையில் வைத்துக்கொண்டு, பழையதைக் கழற்றியதும் எந்தப் பட்டனையும் அழுத்தாமல் சட்டென்று மாற்றினால் பல சமயம் தப்பிக்கும். ஆட்டோ சர்ச்சில் பிடித்த கோட் என்றால் எண்ணே தெரியாது. ஒன் ஃபார் ஆல் வகையில் 9-9-0 அடித்து, பிறகு 1, 2, 3 என்று அழுத்தினால் ஒவ்வொரு இலக்கத்தையும் விளக்கு அத்தனை தடவை மினுக்கிக் காட்டும். திரை உள்ள ஏசி ரிமோட்டில் எண் திரையிலேயே தெரியும். அந்த எண்ணை ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதி, பேட்டரி மூடியின் உட்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். டிவி, பாக்ஸ், ஏசி என்று எது எந்த எண் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.